களைப்பும் மனமும்



அரசாங்கச் சுகாதார நிலையத்தில் காலை எட்டு மணிக்கே எண் வாங்கிக்கொண்டு காத்திருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்களே காத்திருந்தும் இருப்பீர்கள். காய்ச்சல், இருமல், முழங்கால் வலி, நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று அவரவர்க்கு ஒரு காரணம் இருக்கும். அவர்கள் நடுவே, சொல்லிக்கொள்ளும்படியான நோய் எதுவும் இல்லாதவர்போல் தயங்கித் தயங்கி ஒருவர் உட்கார்ந்திருப்பார். மருத்துவரின் அறைக்குள் போனதும் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "டாக்டர், உடம்பெல்லாம் அசதியா இருக்கு." இந்த ஒரு வாக்கியத்தை மருத்துவர் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும், நாம் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளக்கக் கையில் சுற்றும் பட்டை இருக்கிறது. களைப்பை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை. நோயாளி வாயால் சொல்வதுதான் அளவு. ஆகவே, அவரிடம் என்ன கேட்கிறோம், எந்தச் சொல்லால் கேட்கிறோம், யாரை அருகில் வைத்துக்கொண்டு கேட்கிறோம் என்பவை எல்லாம் பரிசோதனையிலேயே சேர்ந்தவை ஆகின்றன.

நமக்குத் தெரிந்த ஒரு மாதின் கதையைச் சொல்கிறோம். வயது நாற்பத்து நான்கு. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. களைப்பு என்று சுகாதார நிலையத்துக்குப் போனார். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.6 இருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது கணக்கு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தவறாமல் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்தபோது 12.3. "இப்போ எல்லாம் நல்லா இருக்கு, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அசதியோ அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம், "ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றார். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார் கணவர். நல்ல செய்திதான், ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த அம்மாள் தம் களைப்பைப் பற்றி வீட்டில் வாய் திறக்கவில்லை.

இரத்தப் பரிசோதனை வீண் என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்துப் பேரில் மூவருக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. தைராய்டு சுரப்பி மந்தமானாலும், சர்க்கரை ஏறினாலும், சிறுநீரகம் கெட்டாலும், காசநோய் தொற்றினாலும் முதலில் தெரிவது களைப்பாக இருக்கலாம். டெங்கி, கோவிட் போன்றவை வந்து போன பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், உடம்பு தேறாமல் கிடப்பதையும் பார்க்கிறோம். அரிப்புக்கும் மூக்கொழுகலுக்கும் தரும் சில மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும்கூட ஆளைத் தளர்த்திப் போடும். இவற்றையெல்லாம் மருத்துவர் தேடித்தான் ஆக வேண்டும்.

எங்கள் குறை வேறு. உடம்பை முழுவதும் சோதித்து, எதுவும் அகப்படாத பிறகுதான், "வீட்டில் ஏதும் கவலையா?" என்ற கேள்வி பல இடங்களில் வருகிறது. அந்த வரிசையில் கேட்கும்போது நோயாளியின் காதில் அது எப்படி விழும்? "உடம்பில் கோளாறு இல்லை, ஆகவே கோளாறு உன் புத்தியில்" என்று தீர்ப்புச் சொன்னதுபோல் விழும். அவர் உடனே, "கவலையெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று கதவைச் சாத்திவிடுவார். உடம்பைப் பற்றிய கேள்வியும் மனத்தைப் பற்றிய கேள்வியும் முதல் நாளே, ஒரே மூச்சில் வந்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. பசி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்கும்போதே மனம் எப்படி என்றும் கேட்டுவிட்டால், அதுவும் வழக்கமான கேள்விகளில் ஒன்றாகப் போய்விடுகிறது.

உடம்பின் களைப்பும் மனத்தின் களைப்பும் தனித்தனிப் பெட்டிகளில் இருப்பவை அல்ல என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. இத்தாலி நாட்டில் தூரின் நகரத்தில் ஆஞ்சலோ மோஸ்ஸோ என்ற உடலியல் பேராசிரியர் இருந்தார். கையை அசையாமல் கட்டிவைத்து, ஒரு விரலால் மட்டும் எடையைத் திரும்பத் திரும்ப இழுக்கச் செய்து, ஒவ்வோர் இழுப்பின் உயரத்தையும் தாளில் கோடாகப் பதியும் கருவியை அவர் அமைத்தார். களைப்பைப் பற்றி 1891இல் ஒரு நூலும் எழுதினார். அவருடன் பணிபுரிந்த ஆசிரியர் ஒருவர் மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்து அந்தக் கருவியில் விரலைக் கொடுத்தார். உட்கார்ந்து கேள்வி கேட்டதைத் தவிர அவர் விரலுக்கு வேறு வேலை இல்லை. ஆயினும் தேர்வுக்கு முன் இழுத்த அளவுக்கு அவரால் இழுக்க முடியவில்லை. மூளை உழைத்தது, விரல் தளர்ந்தது. நூறாண்டுக்கு மேலாகியும், "உடம்பா, மனசா, ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி, சொற்களுக்கு வருவோம். தமிழில் களைப்புக்கு எத்தனை பெயர் என்று எண்ணிப் பாருங்கள். உழைத்தபின் வருவது களைப்பு. பயணம் போய் வந்தால் அலுப்பு. ஒன்றையே செய்துகொண்டிருந்து வெறுத்துப் போனாலும் அலுப்புத்தான். கை கால் கனத்துக் கண்ணைச் சொக்கினால் அசதி. முதுமையில் தளர்ச்சி. "தெம்பில்லை" என்பார் ஒருவர். "கைகால் ஓயுது" என்பார் இன்னொருவர். இவர்கள் எல்லாரும் மருத்துவரிடம் மலாய் மொழியில் பேச வேண்டி வந்தால் "பெனாட்" என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். மலாயில் மட்டும் சொல் குறைவா என்ன? லெத்தே, லெசு, தாக் லாராட் என்று அங்கும் வகை வகையாக இருக்கின்றன. நம்மவர் பலருக்குக் கைவசம் இருப்பது அந்த ஒரு சொல்தான். எனவே, மருத்துவரின் முதல் வேலை, "களைப்பு என்றால் உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் இருப்பதுதான். மூச்சு வாங்குவதைச் சிலர் களைப்பு என்கிறார்கள். மயக்கம் வருவதைச் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். படுக்கையை விட்டு எழுந்திருக்கப் பிடிக்காமையையும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தூக்கக் கலக்கத்தைக் களைப்பு என்பவர்களும் உண்டு. இதைப் பிரித்தறிய ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து மருத்துவர் மரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்டது. எப்வர்த் அளவை என்று அதற்குப் பெயர். படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பிறருடன் உட்கார்ந்து பேசும்போது, சாலை நெரிசலில் வண்டி நிற்கும்போது என எட்டு நிலைகளைச் சொல்லி, கண்ணயர்ந்துவிட வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கிறது. மொத்தம் 24 புள்ளி; பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். லாரி ஓட்டுநர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். எந்நேரமும் களைப்பு, வேலையில் கவனமில்லை. சோம்பேறி என்றார்கள் சிலர். மனக்கவலை என்றார்கள் சிலர். இந்த எட்டுக் கேள்விகளில் அவர் வாங்கியது 17. சிவப்பு விளக்கில் நிற்கும்போது உறங்கிவிடுவதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். இரவெல்லாம் பெரும் குறட்டை. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும் நோய். அவருடைய மனைவியைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

மனத்தை அறிவதற்குச் சுகாதார நிலையங்களில் இப்போது பெரிதும் பழக்கத்திலிருப்பது பி.எச்.கியூ. 9 என்னும் கேள்வித்தாள். அமெரிக்காவில் ஸ்பிட்சர், வில்லியம்ஸ், குரோங்கி என்பவர்கள் 1990களின் இறுதியில் உருவாக்கியது. ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்பதற்குப் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். நல்ல கருவிதான். ஆனால் களைப்பென்று வருகிறவரிடம் இதைக் கொடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. அதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஒன்பது கேள்விகளில் மூன்றாவது தூக்கத்தைப் பற்றியது. நான்காவது களைப்பைப் பற்றியது. ஐந்தாவது பசியைப் பற்றியது. ஏழாவது ஒன்றில் மனத்தை ஊன்ற முடிகிறதா என்பது. இரவு வேலை செய்யும் ஒருவருக்கு, அல்லது இரத்தம் குறைந்த ஒருவருக்கு, இந்த நான்கிலும் மும்மூன்று புள்ளி விழலாம். ஆக மொத்தம் பன்னிரண்டு. துக்கம் என்பது துளியும் இல்லாமலே அவர் பத்தைத் தாண்டிவிடுகிறார்! ஆகவே, கூட்டுத்தொகையைப் பார்ப்பதற்கு முன் முதல் இரண்டு கேள்விகளைப் பார்க்க வேண்டும். செய்கிற காரியத்தில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்துவிட்டதா என்பது முதலாவது. மனம் தாழ்ந்து, நம்பிக்கை இழந்து இருக்கிறதா என்பது இரண்டாவது. இவை இரண்டும் பூச்சியமாக இருந்து, மற்றவை ஏறியிருந்தால், மனச்சோர்வு என்று எழுதிவிடாமல் உடம்பையும் தூக்கத்தையும் மறுபடி தேட வேண்டும். நாம் சொன்ன லாரி ஓட்டுநர் இதே தாளில் பன்னிரண்டு வாங்கியவர்தான். முதல் இரண்டிலும் பூச்சியம். தாள் சரியாகத்தான் சொன்னது. படித்தவர் கூட்டலை மட்டும் படித்தார்.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. மனநோயாகிய அந்த வாட்டத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரே மனச்சோர்வு. சோர்வு என்ற சொல் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. "உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா?" என்று கேட்டால், வேலை செய்து களைத்தவர், "ஆமாம், ரொம்பச் சோர்வாத்தான் இருக்கு" என்று தலையாட்டுவார். உண்மையிலேயே வாடிப் போனவரோ, "மனசுல ஒண்ணும் இல்ல, உடம்புதான் சோர்வு" என்பார். ஒரு கேள்வி, இரண்டு பேருக்கும் தவறான பதில். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட வாழ்க்கையைச் சொல்லிக் கேட்பது மேல்: முன்பு விரும்பிச் செய்த எதை இப்போது விட்டுவிட்டீர்கள்? பேரப்பிள்ளை வந்தால் தூக்கத் தோன்றுகிறதா? கோயிலுக்குப் போவதுண்டா? போய் நின்றால் மனம் எப்படி இருக்கிறது?

யாரை வைத்துக்கொண்டு கேட்பது என்பது இதைவிடக் கடினமான விஷயம். தாய்க்கு மலாய் போதாது, மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே முதலாம் படிவத்தில் படிக்கும் மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் கூட்டி வந்திருப்பார்கள். பிள்ளை கெட்டிக்காரி, எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாள். பி.எச்.கியூ. தாளின் ஒன்பதாவது கேள்வி வரும். செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைத் துன்புறுத்திக்கொள்ள வேண்டும் என்றோ நினைத்தது உண்டா என்பது அந்தக் கேள்வி. பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் தாயைப் பார்த்து இதைக் கேட்க வேண்டும். தாய் அதற்கு மகளின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். எந்தத் தாய் "ஆமாம்" என்று சொல்வாள்? தாளில் பூச்சியம் விழும். அந்தப் பூச்சியத்தை நம்ப முடியாது. மாமியாரோ கணவரோ கூடவே நின்றாலும் இதே கதைதான். இத்தகைய கேள்விக்கு, நிலையத்திலுள்ள தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ ஐந்து நிமிடம் கூப்பிட்டு, மற்றவர்களை வெளியே உட்கார வைத்துக் கேட்பதே முறை. அப்படி ஒருவர் வேண்டும் என்று கேட்க நோயாளிக்கும் உரிமை உண்டு, கூச்சப்படத் தேவையில்லை.

கையுறைத் தொழிற்சாலை அம்மாளின் காரியத்தில் நடந்தது அதுதான். ஆறு மாதம் கழித்து, தலைவலி என்று வேறொரு நாள் போயிருந்தார். இரத்த அழுத்தம் பார்த்த தாதி தமிழ்ப் பெண். பட்டையைக் கழற்றிக்கொண்டே, "அக்கா, வீட்ல பொழுது எப்படிப் போகுது? முன்னெல்லாம் ஆசையா என்ன செய்வீங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வாசல்ல மல்லிகைக் கொடி இருக்கு. தினமும் பறிச்சுக் கட்டுவேன். தம்பி போனதிலிருந்து தொடலை. பூ பூத்துத் தானா கொட்டுது" என்றார். தம்பி இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மருத்துவர் முன்னால் அதை அவர் ஒருபோதும் சொன்னதில்லை, கேட்டவரும் இல்லை. அன்றைக்கு அந்தத் தாதியே ஒன்பது கேள்விகளையும் தமிழில் கேட்டு எழுதினார். முதல் இரண்டிலும் மும்மூன்று. ஒன்பதாவதில் ஒன்று.

இரத்தசோகை பொய்யா? இல்லை, அதுவும் மெய்யாகவே இருந்தது, மாத்திரையால் சரியானது. இரவு வேலை கெடுத்த தூக்கமும் மெய்தான். மனச்சோர்வும் மெய்தான். மூன்றும் ஒரே உடம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. ஒன்று அகப்பட்டவுடன் மற்றவற்றைத் தேடாமல் விட்டதே நடந்த பிசகு.

களைப்பையே நேராக அளக்கும் கேள்வித்தாளும் உண்டு. லண்டனில் ட்ரூடி சால்டரும் உடன் ஆய்ந்தவர்களும் 1993இல் வெளியிட்டது. அதன் இன்றைய வடிவத்தில் பதினொரு கேள்விகள்: ஏழு உடலின் களைப்பைப் பற்றி, நான்கு மனத்தின் களைப்பைப் பற்றி. "வழக்கத்தைவிட எப்படி?" என்று அது கேட்கிறது. பல ஆண்டுகளாகக் களைத்திருப்பவருக்குக் களைப்பே வழக்கமாகிவிடும். ஆகவே கடைசியாக நன்றாக இருந்த நாளோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்க வேண்டும். இந்த அளவையை வைத்துத் தென் இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு 1994இல் வெளிவந்தது. குடும்ப மருத்துவர்களிடம் பதிந்திருந்தவர்களில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 18.3 விழுக்காட்டினர் ஆறு மாதமோ அதற்கு மேலோ கடுமையான களைப்பில் இருந்தார்கள். களைத்தவர், களைக்காதவர் என்று இரண்டு கூட்டமாக மக்கள் பிரியவில்லை. கொஞ்சம், அதிகம், மிக அதிகம் என்று ஒரே கோட்டில் நின்றார்கள். மன உளைச்சல் ஏற ஏறக் களைப்பும் ஏறுவதைக் கண்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, களைப்பெல்லாம் மனத்தால் வருவது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. சிறிது வேலை செய்தாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுத்த படுக்கையாகிவிடுகிற ஒரு நோய் இருக்கிறது. நாட்பட்ட களைப்பு நோய் என்கிறார்கள். எவ்வளவு தூங்கினாலும் அவர்களுக்குத் தெளிவு வராது. இவர்களைப் பல்லாண்டு காலம் மனக்கோளாறு என்று ஒதுக்கி, உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும்படி சொன்னார்கள். 2021இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டிக் குழு அந்தப் பயிற்சி முறையைப் பரிந்துரைக்கக் கூடாதென்று மாற்றிக்கொண்டது. ஆகையால், "வேலை செய்த மறுநாள் எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியையும் மருத்துவர் விட்டுவிடக் கூடாது. மனத்தை விசாரிப்பது மனத்தின்மேல் பழி போடுவதற்காக அல்ல.

நேயர்கள் செய்யக்கூடியதும் உண்டு. மருத்துவரிடம் போகுமுன் ஒரு வாரம், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், எந்த நேரத்தில் களைப்பு அதிகம், தூங்கி எழுந்தால் அது போகிறதா என்று நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும், கடையில் வாங்கிய நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இளைப்பு, மார்வலி, விடாத இருமல், கறுத்த மலம் இவற்றில் ஏதேனும் களைப்போடு சேர்ந்திருந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தெம்புக்கு ஊசி, குளுக்கோஸ் ஏற்றுவது என்று தனியார் கிளினிக்குகளில் நம்மவர் செலவழிக்கும் வெள்ளியைப் பற்றிப் பேசினால் வானொலி நேரம் போதாது. வாய்வழி நன்றாகச் சாப்பிடுகிறவருக்குக் குளுக்கோஸ் ஏற்றிக் களைப்பு நீங்கியதாக நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் படுத்திருந்த ஓய்வு வேண்டுமானால் உதவியிருக்கும்.

சாவைப் பற்றிய எண்ணம் வருகிறவர்கள் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றே சுகாதார நிலையத்திலோ மருத்துவமனை அவசரப் பிரிவிலோ சொல்லலாம். 2022இல் சுகாதார அமைச்சு தொடங்கிய 15555 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

அந்த அம்மாளுக்கு மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். மருந்து இரண்டு மூன்று வாரம் எதுவும் செய்யாததுபோல் இருக்கும், நிறுத்திவிட வேண்டாம் என்று தாதி முன்கூட்டியே சொல்லியிருந்தார். பகல் வேலைக்கு மாற்றும்படி மருத்துவர் எழுதிய கடிதத்தைத் தொழிற்சாலை இரண்டு மாதம் கிடப்பில் போட்டுப் பிறகு ஏற்றது. இப்போதும் அவர் களைப்பென்று சொல்லத்தான் செய்கிறார். ஆனால், "தூங்கி எழுந்தா போயிடுது" என்கிறார். மல்லிகை கட்டுகிறாரா என்று தாதி கேட்டதற்கு, கொடியில் பூச்சி விழுந்துவிட்டது, அதற்கு என்ன மருந்து அடிப்பது என்று திருப்பிக் கேட்டாராம்.